இணைப்பும் இசைவும்

கொல்கத்தாவில் வந்து குடியேறிய நம்மவர் அனைவரும் பழைய டல்ஹௌசி சதுக்கத்தின் ஓரத்தில் உயர்ந்த கோபுரத்துடன் நிற்கும் தூய ஆண்ட்ரூ ஆலயத்தைக் கண்டிருப்பர். 1818-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற அவ்வாலயம் ஆங்கிலத் திருச்சபையினருக்காக எழுந்ததன்று. ஸ்காட்லாந்துத் திருச்சபையினருக்காக எழுந்தது. அலெக்சாண்டர் டஃப் 1830-இல் தொடங்கிய கல்லூரியும் ஸ்காட்லாந்தின் பெயரையே தாங்கியுள்ளது. தென்னாட்டுச் சுவடிகளை ஊர் ஊராகத் தேடித் திரட்டிய காலின் மெக்கன்சி ஸ்காட்லாந்தைச் சேர்ந்த லூயிஸ் தீவில் பிறந்தவர். 1821-இல் மறைந்து இந்நகரின் பார்க் தெருக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கமானவர்.

இவர்கள் அனைவரையும் ஆங்கிலேயர் என்று ஒரே சொல்லால் சுட்டுவது நம் வழக்கம். அவர்களோ கடல் கடந்து வந்த பின்பும் தம்மை ஸ்காட்லாந்தினர் என்றே கூறிக்கொண்டனர். ஓர் அரசின் கீழ் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தும் ஒரு மக்கட் கூட்டம் தன்னை வேறாக எண்ணியது எங்ஙனம்? அவ்விணைப்பு நீடிக்க வேண்டுமா என்பதை அவர்கள் எவ்வாறு வாதிட்டனர்? பிறந்த மண்ணை விட்டு வந்து வாழும் நமக்கு இவ்வரலாற்றில் தனி அக்கறை ஒன்றுண்டு. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

ஸ்காட்லாந்து பழைமையான தனியரசு. 1314-இல் பானக்பர்ன் களத்தில் ராபர்ட் புரூஸ் ஆங்கிலப் படையை முறியடித்தார். 1320-இல் அந்நாட்டுப் பிரபுக்கள் அர்ப்ரோத் என்னும் ஊரிலிருந்து போப்பாண்டவருக்கு ஒரு மடல் விடுத்தனர். தம் மன்னனே நாட்டை ஆங்கிலேயருக்கு அடிமைப்படுத்த முற்படின் அவனையும் நீக்கி வேறொருவனை மன்னனாக்குவோம் என்று அம்மடல் முழங்கிற்று. மன்னனின் உரிமையும் நாட்டாரின் இசைவைப் பொறுத்தது என்ற எண்ணம் அன்றே அங்கு வேரூன்றியது. 1603-இல் எலிசபெத் அரசி மகவின்றி மறையவே, ஸ்காட்லாந்து மன்னர் ஆறாம் ஜேம்ஸ் இங்கிலாந்தின் அரியணையிலும் அமர்ந்தார். முடி ஒன்றாயினும் பாராளுமன்றங்கள் இரண்டாகவே இருந்தன.

அந்நிலை மாறியதற்கு வறுமை ஒரு காரணம். 1695-இல் நிறுவப்பெற்ற ஸ்காட்லாந்துக் கம்பெனி, நடு அமெரிக்காவின் டேரியன் கரையில் ஒரு குடியேற்றம் அமைக்க முனைந்தது. சிறிய நாடாகிய ஸ்காட்லாந்தின் மக்கள் 4,00,000 பவுன் அளவுக்குப் பங்குகள் எழுதிக் கொடுத்தனர். 1698 ஜூலையில் லீத் துறைமுகத்திலிருந்து ஐந்து கப்பல்கள் புறப்பட்டன. காய்ச்சலும் பட்டினியும் குடியேறியவர்களை வாட்டின. ஆங்கிலக் குடியேற்றங்கள் அவர்களுக்கு உதவலாகாது என்று ஆணை பிறந்தது. 1700-இல் எஞ்சியோர் ஸ்பானியரிடம் சரணடைந்து வெளியேறினர். பலருடைய சேமிப்பு அத்துடன் கரைந்தது. 1705-இல் இங்கிலாந்து மேலும் ஒரு நெருக்கடி தந்தது. இணைப்பைப் பற்றிப் பேச முன்வராவிடின் ஸ்காட்லாந்தினர் அந்நியராகக் கருதப்படுவர் என்றும், அவர்களுடைய கால்நடை, லினன் துணி, நிலக்கரி ஆகியவற்றின் வாணிகம் தடுக்கப்படும் என்றும் அது சட்டம் இயற்றிற்று.

1706 அக்டோபரில் எடின்பரோவில் கூடிய பாராளுமன்றத்தின் முன் 25 ஷரத்துக்கள் கொண்ட உடன்படிக்கை வைக்கப்பட்டது. ஆண்ட்ரூ பிளெச்சர் என்பார் அதனை அயராது எதிர்த்தார். பெல்ஹேவன் பிரபு உருக்கமாக உரையாற்றினார். வெளியே எடின்பரோ வீதிகளில் கலகம் மூண்டது. டம்ஃப்ரீஸ் நகரில் உடன்படிக்கையின் படியைத் தீயிலிட்டனர். பல ஊர்களிலிருந்து எதிர்ப்பு விண்ணப்பங்கள் குவிந்தன. 'ராபின்சன் குரூசோ' கதையைப் பின்னாளில் எழுதிப் புகழ்பெற்ற டேனியல் டீஃபோ அப்போது ஆங்கில அரசின் ஒற்றராக அந்நகரில் தங்கி இணைப்புக்கு ஆதரவு தேடினார். இங்கிலாந்தின் கடன் சுமையில் ஸ்காட்லாந்து பங்கு ஏற்பதற்கு ஈடாக 3,98,085 பவுன் 10 ஷில்லிங் வழங்குவதாக உடன்படிக்கை கூறிற்று. டேரியனில் பணம் இழந்தோர்க்கும் அதிலிருந்தே ஈடு கிடைத்தது. 1707 ஜனவரி 16-ஆம் நாள் 110 பேர் ஆதரிக்க, 67 பேர் எதிர்க்க, இணைப்பு நிறைவேறிற்று. ஏறத்தாழப் பத்து லட்சம் மக்கள் வாழ்ந்த நாட்டின் கதியை முடிவு செய்த வாக்குகள் இவ்வளவே.

இணைப்பினால் நன்மை விளையவில்லை என்று கூறுவது நேர்மையாகாது. கடல் வாணிகம் திறந்தது. கிளாஸ்கோ நகரம் புகையிலை வாணிகத்தால் செழித்தது. ஆடம் ஸ்மித், டேவிட் ஹியூம் போன்ற அறிஞர்கள் அம்மண்ணில் தோன்றினர். சென்னை கவர்னராக விளங்கிய தாமஸ் மன்றோ போன்றோர் இந்தியாவிற்கு வந்து பதவி பெற்றதும் அதன் வழியே. எனினும் உடன்படிக்கை மூன்று பொருள்களைத் தொடவில்லை. ஸ்காட்லாந்தின் சட்டமும் நீதிமன்றங்களும் தனித்தே இருந்தன. திருச்சபை தனித்தே இருந்தது. கல்விமுறையும் தனித்தே வளர்ந்தது. பாராளுமன்றம் மறைந்த பின்பும் நாடு மறையாமற் போனது இம்மூன்றினாலேயாம். மனக்குறையும் மறையவில்லை. இணைப்புச் சட்டத்தில் கையொப்பமிட்ட சான்சலர் சீஃபீல்டு பிரபுவே 1713-இல் அதனை ரத்துச் செய்யப் பிரபுக்கள் சபையில் முயன்றார். நான்கே வாக்குகளில் தோற்றார்.

பின்னர் நெடுங்காலம் இவ்வினா உறங்கிக் கிடந்தது. 1913-இல் ஒரு தன்னாட்சி மசோதா காமன்ஸ் சபையில் இரண்டாம் வாசிப்பைக் கடந்தும், மறு ஆண்டு மூண்ட உலகப் போரினால் கைவிடப்பெற்றது. 1934-இல் ஸ்காட்லாந்துத் தேசியக் கட்சி தோன்றியது. 1970-இல் வடகடலில் பெரும் எண்ணெய் வயல் கண்டறியப்பட்டதும் அக்கட்சிக்கு வலிமை பெருகிற்று. 1979 மார்ச் 1-ஆம் நாள், எடின்பரோவில் ஒரு சட்டசபை அமைக்கலாமா என்று முதன்முறையாக மக்களிடம் கேட்டனர். வாக்களித்தோரில் 51.6 விழுக்காட்டினர் ஆம் என்றனர். எனினும் சபை அமையவில்லை. பதிவு பெற்ற வாக்காளர் அனைவரிலும் 40 விழுக்காட்டினர் ஆதரித்தாலன்றிச் செல்லாது என்று ஒரு விதி இருந்தது, கிடைத்ததோ 32.9 விழுக்காடு. வாக்குச் சாவடிக்கு வாராதவரும் மறுத்தவராகவே எண்ணப்பட்டனர். இவ்விதியைக் கொணர்ந்த ஜார்ஜ் கன்னிங்ஹாம், ஸ்காட்லாந்தில் பிறந்து லண்டன் தொகுதியொன்றின் உறுப்பினராக இருந்தவர் என்பது கருதத்தக்கது. 1997-இல் மீண்டும் கேட்டபோது 74.3 விழுக்காட்டினர் இசைந்தனர். 1999-இல் எடின்பரோவில் பாராளுமன்றம் மீண்டும் கூடிற்று.

2011 தேர்தலில் தேசியக் கட்சி அங்கே 129 இடங்களில் 69 பெற்றது. மறு ஆண்டு லண்டன் அரசும் எடின்பரோ அரசும் எழுத்து மூலம் உடன்பட்டு, நாடு தனியரசாக வேண்டுமா என்ற ஒரே வினாவை மக்கள் முன் வைக்க முடிவு செய்தன. நாம் வாக்களியாத அரசு நம்மை ஆள்கிறது; நாம் விரும்பாத அணு ஆயுத நீர்மூழ்கிகள் நம் கரையில் நிற்கின்றன; நார்வே போன்ற சிறு நாடுகள் வாழவில்லையா? என்று பிரிவினை வேண்டுவோர் வினவினர். பவுன் நாணயம் நமக்குக் கிட்டுமா? முதியோர் ஓய்வூதியம் என்னாகும்? ஐரோப்பிய ஒன்றியத்தில் இடம் உறுதியா? எண்ணெய் விலை நிலையானதா? என்று மற்றையோர் வினவினர். அலெக்ஸ் சால்மண்டும் அலிஸ்டர் டார்லிங்கும் தொலைக்காட்சியில் இருமுறை நேருக்கு நேர் வாதிட்டனர். 2014 செப்டம்பர் 18-ஆம் நாள் வாக்காளருள் 84.6 விழுக்காட்டினர் வாக்களித்தனர். பதினாறு வயதினருக்கும் உரிமை தரப்பட்டிருந்தது. வேண்டாம் என்றோர் 20,01,926. வேண்டும் என்றோர் 16,17,989. அமைதியாக வாக்களித்தனர், முடிவு தெரிந்ததும் தோற்றவர் அதனை ஏற்றனர்.

இனி நாம் முன்னர்க் குறித்த அக்கறைக்கு வருவோம். அவ்வாக்குரிமை பிறப்பைப் பற்றி அமையவில்லை. வாழிடத்தைப் பற்றியே அமைந்தது. எடின்பரோவில் பிறந்து லண்டனில் பணிபுரிந்தவருக்கு வாக்கில்லை. கிளாஸ்கோவில் முறைப்படி குடியிருந்த இந்தியக் குடிமகனுக்கோ, காமன்வெல்த்து நாட்டினர் என்ற முறையில் வாக்கு இருந்தது!

நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமொன்றில் இதனைச் சொன்னபோது அன்பர்கள் இரு கூறாயினர். நாற்பது ஆண்டுகளாக இந்நகரில் வாழும் பெரியவர் ஒருவர், "ஊரில் எனக்கு வீடுமில்லை, வாக்குமில்லை. அதற்காக ஊரின் கதியைப் பற்றி ஒரு சொல் சொல்லவும் உரிமையில்லையா?" என்று மனம் கசந்து கேட்டார். ஆசிரியப் பணிபுரியும் அம்மையார் ஒருவர் மறுமொழி கூறினார்: "ஐயா, சொல்ல உரிமை உண்டு. ஆனால் முடிவின் பலனை அனுபவிப்பவர் அங்கே வாழ்பவரல்லவா? இங்கே நாம் வாக்களிக்கிறோமே, இங்கே பிறந்தோமா?" பெரியவர் சற்று நேரம் பேசவில்லை. பின்னர், "அதுவும் மெய்தான் அம்மா, ஆனாலும் வலிக்கிறது" என்றார். இரு கூற்றிலும் உண்மை உண்டு என்றே நாம் கருதுகிறோம்.

2014-இன் முடிவு விவாதத்தை முடித்து வைக்கவில்லை. 2016-இல் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகப் பிரிட்டன் தீர்மானித்தபோது, ஸ்காட்லாந்தில் 62 விழுக்காட்டினர் விலக மறுத்து வாக்களித்திருந்தனர். மீண்டும் மக்களைக் கேட்க வேண்டும் என்ற குரல் எழுந்தது. லண்டன் இசையாமல் எடின்பரோ பாராளுமன்றம் தானே அவ்வாறு சட்டம் இயற்ற இயலாது என்று 2022 நவம்பர் 23-இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. ஆக, 1707-இல் யாரைக் கேட்டு இணைத்தீர் என்பது வினா. 1979-இல் வாராதவரை எப்பக்கம் எண்ணுவது என்பது வினா. 2014-இல் மக்கள் என்போர் யாவர் என்பது வினா. 2022-இல் கேட்கும் உரிமை யாருக்கு என்பது வினா.

இணைப்பு நன்றா, பிரிவு நன்றா என்று தீர்ப்புக் கூறுவது நம் நோக்கமன்று. அது அந்நாட்டில் வாழ்வோரின் பொறுப்பு. நாம் கண்டது ஒன்றே. 110 வாக்குகளால் அமைந்த இணைப்பைக் குறித்து மூன்று நூற்றாண்டுகள் முறையீடு ஓயவில்லை. இருபது லட்சம் மக்கள் தம் கையால் இட்ட வாக்கோ, முறையீட்டை நிறுத்தாவிடினும், கேட்காமலே கட்டினர் என்ற பழியை அவ்விணைப்பினின்று நீக்கிற்று. கேட்டுப் பெற்ற இசைவே ஓர் இணைப்பிற்கு உறுதி. அவ்விசைவும் ஒருமுறை பெற்று என்றைக்குமாகப் பூட்டி வைக்கும் பொருளன்று. அடுத்த முறை தூய ஆண்ட்ரூ ஆலயத்தைக் கடந்து செல்லும் அன்பர்கள் இதனைச் சிறிது எண்ணிப் பார்ப்பார்களாக.