நெல்லின் மகரந்தம்

பூக்கும் தாவரங்களின் ஆண் இனச்செல்களைச் சுமக்கும் நுண்துகள் மகரந்தம். கையில் ஒட்டும் மஞ்சள் தூளாகத் தெரிந்தாலும், ஒவ்வொரு துகளும் இரண்டு அல்லது மூன்று செல்களால் ஆன தனி ஆண் தலைமுறை. தாய்ச்செடியின் குரோமோசோம்களில் பாதிதான் அதற்குக் கிடைக்கும்: நெற்பயிருக்கு 24, அதன் மகரந்தத்துக்கு 12. தில்லிப் பல்கலைக்கழகத்தில் சிப்ரா குஹாவும் சதீஷ் மகேஷ்வரியும் ஊமத்தை மகரந்தப்பைகளை ஊட்டக் கரைசலில் வளர்த்து, மகரந்தத்திலிருந்தே கருக்கள் உருவாவதை 1964இல் காட்டினார்கள். நான்கே ஆண்டுகளில் ஜப்பானிய ஆய்வாளர்கள் நெல்லிலும் அதைச் சாதித்தனர். புதிய ரகங்களின் பண்புகளை விரைவாக நிலைப்படுத்த இந்த முறை இன்றும் கைகொடுக்கிறது.

நெற்பூவைப் பார்க்கப் பொறுமை வேண்டும். வண்ண இதழும் இல்லை, தேனும் இல்லை. தொண்டைக்கதிர் வெளியே வந்ததும் நுனியிலிருந்து கீழ்நோக்கிப் பூக்கத் தொடங்கும். ஒரு கதிர் முழுவதும் பூத்து முடிய ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். பெரும்பாலும் காலை ஒன்பது மணிக்கும் நண்பகலுக்கும் இடையில், பூவின் அடியிலுள்ள இரு சிறு செதில்கள் நீரேறிப் புடைத்து உமியின் இரு பாதிகளையும் விலக்குகின்றன. ஆறு மகரந்தத் தாள்கள் வெளியே நீளும். பூ திறக்கும் அந்த நேரத்திலேயே பைகள் வெடித்து, இறகு போன்ற சூல்முடிகள்மேல் தூள் விழுந்துவிடும். ஒரு மணி நேரம் போல் கழிந்தால் உமி மூடிக்கொள்ளும். அயல் மகரந்தம் நுழைய வாய்ப்பு மிகக் குறைவு. பொதுவாக நூற்றில் ஒரு பூவுக்குக்கூட அது கிட்டுவதில்லை. விளைந்த நெல்லையே உழவர்கள் தலைமுறை தலைமுறையாக விதைநெல்லாக எடுத்துவைக்க முடிந்தது இதனால்தான்.

உதிர்ந்த நெல் மகரந்தம் சில நிமிடங்களே உயிர்த்திருக்கும். அதற்குள் சூல்முடியில் ஒட்டி, ஈரம் ஏற்று, முளைத்து, மகரந்தக் குழாயை உள்ளே செலுத்தியாக வேண்டும். குழாய் சூலை எட்டியதும் இரண்டு ஆண் செல்கள் வெளிப்படுகின்றன. ஒன்று முட்டையோடு கூடிக் கருவாகிறது. மற்றது சூலின் நடுவிலுள்ள இரு உட்கருக்களோடு சேர்ந்து கருவூண் திசுவைத் தோற்றுவிக்கிறது. இந்த இரட்டைக் கருவுறுதலை 1898இல் லில்லிக் குடும்பச் செடிகளில் கண்டறிந்தவர் ரஷ்யத் தாவரவியலர் செர்கேய் நவாஷின்.

பால் பிடித்து, முற்றி, ஆலையில் தீட்டப்பட்டு வரும் வெள்ளை அரிசி ஏறத்தாழ முழுவதும் கருவூண் திசுதான். முளையும் தவிடும் தீட்டும்போதே போய்விடுகின்றன. அந்த இரண்டாவது ஆண் செல் வந்து சேராவிட்டால் சோறே இல்லை.

மகரந்தம் மலடாக இருப்பதும் ஒருவகையில் பயன்பட்டிருக்கிறது. சீனாவின் ஹைனான் தீவில் யுவான் லாங்பிங்கின் குழுவினர் 1970இல் மகரந்தம் மலடான ஒரு காட்டு நெல்லைக் கண்டெடுத்தார்கள். தன் மகரந்தத்தால் கருவுற முடியாத அந்தச் செடியே வீரிய ஒட்டு நெல்லுக்கு வழி திறந்தது. விதைப் பண்ணைகளில் பூக்கும் வேளையில் ஆட்கள் கயிற்றை இழுத்துச் சென்று, ஆண் வரிசையின் தூளைப் பெண் வரிசைமேல் உதிரவைக்கிறார்கள்.

நெல் மகரந்தத்தின் பெரும்பகை வெப்பம். பூக்கும் வேளையில் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பைகள் சரியாக வெடிப்பதில்லை. விழுந்த தூளும் சரிவர முளைப்பதில்லை. பயிர் செழிப்பாகத்தான் தெரியும். பாரமில்லாத கதிர்கள் தலைசாயாமல் நிற்கும்போதுதான் பதர் என்று புரியும். வெப்பத்தைத் தாங்கும் இந்திய ரகமான நாகினா 22 ஆய்வாளர்களுக்குப் பெரும் துணையாக இருக்கிறது. காலையில் முன்கூட்டியே பூக்கும் காட்டு நெல் ஒன்றின் பண்பை ஐ.ஆர். 64 ரகத்தில் ஏற்றியும் வெற்றி கண்டிருக்கிறார்கள். வெயில் ஏறுமுன் பூவின் வேலை முடிந்துவிடுகிறது.

புது ரகங்கள் வரும்வரை உழவர் கையில் இருப்பவை இரண்டு: கதிர் பூக்கும் வாரத்தில் முற்பகலில் மருந்து தெளிக்காமல் மாலைக்குத் தள்ளிப்போடுங்கள், அந்த நாட்களில் வயலைக் காயவிடாதீர்கள்.