அர்ஷத் ஷரீப் (1973–2022)

பாகிஸ்தானின் புலனாய்வு இதழாளர், தொலைக்காட்சி அரசியல் நிகழ்ச்சி நெறியாளர். வாழ்வின் கடைசி மாதங்களில் வெளிநாட்டில் இருந்தபடி யூடியூப் காணொளிகள் வழியாகத் தம் நாட்டு அரசியலை விமர்சித்து வந்தார். 2022 அக்டோபர் 23 இரவு கென்யாவில் காவல்துறையினர் சுட்டதில் உயிரிழந்தார். அவர் மரணம் பாகிஸ்தானில் இராணுவத்துக்கும் ஊடகத்துக்கும் இடையிலான உறவைப் பற்றி இன்றுவரை ஓயாத விவாதத்தை எழுப்பியது.

குடும்பம்

1973 பிப்ரவரி 22 அன்று கராச்சியில் பிறந்தார். தந்தை முகமது ஷரீப் பாகிஸ்தான் கடற்படையில் கமாண்டர். சகோதரர் அஷ்ரஃப் ஷரீப் தரைப்படையில் மேஜர். 2011-இல் தந்தை மாரடைப்பால் காலமானார். இறுதிச் சடங்குக்கு வந்துகொண்டிருந்த சகோதரரும் வழியிலேயே உயிரிழந்தார். ஒரே நாளில் இரு சீருடைக்காரர்களை இழந்த வீடு அது. பின்னாளில் இராணுவத்துக்கு எதிரானவர் என்று அவர்மீது பழி சுமத்தப்பட்டபோது, ஆதரவாளர்கள் இந்தக் குடும்பப் பின்னணியைத்தான் முதலில் எடுத்துக்காட்டினர்.

ஊடகப் பணி

1990களில் இதழியலுக்கு வந்தார். ‘தி நியூஸ்’, ‘டான்’ ஆகிய ஆங்கில நாளேடுகளில் பணியாற்றிவிட்டுத் தொலைக்காட்சிக்கு மாறினார். டான் நியூஸ், துன்யா தொலைக்காட்சிகளில் பொறுப்புகள் வகித்தபின் ஏ.ஆர்.ஒய். நியூஸில் சேர்ந்தார். அங்கு அவர் நடத்திய ‘பவர் பிளே’ நிகழ்ச்சி அவரை நாடறிந்த முகமாக்கியது. ஆவணங்களைத் திரையில் காட்டி, பக்கம் பக்கமாகப் படித்து வாதிடுவது அவர் பாணி. 2016-இல் பனாமா ஆவணங்கள் வெளியானபின், அன்றைய பிரதமர் நவாஸ் ஷரீப் குடும்பத்தின் லண்டன் சொத்துகளைப் பற்றி இடைவிடாமல் செய்தி வெளியிட்டார். 2019 மார்ச் 23 அன்று நாட்டின் உயர்ந்த விருதுகளுள் ஒன்றான ‘பிரைட் ஆஃப் பெர்ஃபார்மன்ஸ்’ அவருக்கு வழங்கப்பட்டது.

விமர்சனங்கள்

பாராட்டுக்கு இணையாகக் கண்டனமும் வந்தது. இராணுவத்துக்கு வேண்டியவர், அரசியல்வாதிகளை மட்டுமே குறிவைப்பவர் என்று சக இதழாளர் பலர் கருதினர். 2017-இல், தீவிரவாத அமைப்புகளுடன் தொடர்புடையவர்கள் எனக் கூறி நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர் 37 பேரின் பெயர்கள் கொண்ட ஓர் உளவுத்துறைக் கடிதத்தைத் தம் நிகழ்ச்சியில் வெளியிட்டார். அந்தக் கடிதம் போலியானது என்று உளவுப் பணியகமும் அரசும் மறுத்தன. பிரதமர் இம்ரான் கான் ஆட்சிக்காலத்தில் அவர் அந்த அரசின் பக்கம் சாய்ந்துவிட்டார் என்ற குற்றச்சாட்டும் வலுத்தது. அவரது பணியை மதிப்பிடுவோர் இவற்றை மறைக்கக் கூடாது. அவர் எல்லாருக்கும் பொதுவான இதழாளராக இருக்கவில்லை.

நாடு நீங்கல்

2022 ஏப்ரல் 10 அன்று நம்பிக்கையில்லாத் தீர்மானத்தால் இம்ரான் கான் பதவி இழந்தார். ஆட்சி மாற்றத்தில் இராணுவத் தலைமைக்குப் பங்கு உண்டா என்று ஷரீப் வெளிப்படையாகக் கேட்கத் தொடங்கினார். அதுவரை நண்பர் எனக் கருதப்பட்டவர் ஒரே பருவத்தில் எதிரியாகப் பார்க்கப்பட்டார். நாட்டின் பல ஊர்களில் அவர்மீது வழக்குகள் பதிவாயின. நீதிமன்றங்களில் முன்ஜாமீனுக்கு அலைந்தார். ஆகஸ்ட் 8-இல் இம்ரானின் உதவியாளர் ஷாபாஸ் கில், இராணுவத்தினர் பெரும்பான்மை மக்களின் உணர்வுக்கு எதிரான ஆணைகளுக்குக் கீழ்ப்படிய வேண்டியதில்லை என்ற பொருளில் ஏ.ஆர்.ஒய். நியூஸில் பேசினார். ஒளிபரப்பு முடக்கப்பட்டது. தேசத் துரோக வழக்கில் தொலைக்காட்சியின் உரிமையாளர், செய்தித் தலைவர் ஆகியோருடன் ஷரீபின் பெயரும் சேர்க்கப்பட்டது.

ஆகஸ்ட் 10 அன்று பெஷாவர் விமான நிலையம் வழியாகத் துபாய் சென்றார். அங்கும் தங்க முடியாமல் ஆகஸ்ட் 20 அன்று கென்யாவை அடைந்தார். அம்மாத இறுதியில் ஏ.ஆர்.ஒய். அவரைப் பணியிலிருந்து விலக்கியது. சம்பளமும் நிலையமும் இல்லாத நிலையில் யூடியூபே அவருக்கு மேடையாயிற்று.

கொலை

அக்டோபர் 23 இரவு, கஜியாடோ மாவட்டத்தில் மகாடி சாலைப் பகுதியில் இருந்து நைரோபி நோக்கி அவர் வந்த டொயோட்டா லேண்ட் குரூசர்மீது காவல்துறையின் சிறப்புப் பிரிவினர் சுட்டனர். அவர் இறந்தார்; ஓட்டுநர் காயமின்றித் தப்பினார். கடத்தப்பட்ட வாகனம் ஒன்றைத் தேடிக் கற்களால் சாலையை மறித்திருந்ததாகவும், நிற்காமல் சென்றதால் ஆள் தெரியாமல் சுட்டுவிட்டதாகவும் காவல்துறை முதலில் கூறியது. தேடப்பட்ட வாகனமோ ஒரு மெர்சிடிஸ் வேன். பின்னர், காருக்குள் இருந்து யாரோ சுட்டதில் காவலர் ஒருவர் காயமுற்றதாக இன்னொரு விளக்கம் வந்தது. இரு விளக்கங்களும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை.

உடல் இஸ்லாமாபாத் கொண்டுவரப்பட்டு, அக்டோபர் 27 அன்று ஃபைசல் மசூதியில் ஆயிரக்கணக்கானோர் தொழுகை நடத்திய பின் அடக்கம் செய்யப்பட்டது. அதே நாளில் ஐ.எஸ்.ஐ. தலைவர் நதீம் அஞ்சும் செய்தியாளர்களைச் சந்தித்து, இராணுவத்துக்கு இதில் தொடர்பில்லை என மறுத்தார். அந்த உளவு அமைப்பின் தலைவர் ஒருவர் இப்படிப் பொதுவெளியில் பேசியது அதுவே முதல் முறை.

விசாரணையும் தீர்ப்பும்

பாகிஸ்தான் அனுப்பிய உண்மை கண்டறியும் குழு 2022 டிசம்பரில் 592 பக்க அறிக்கையை உச்ச நீதிமன்றத்தில் அளித்தது. இது ஆள் தெரியாமல் நடந்த தவறு அல்ல, திட்டமிட்ட கொலை என்பது அதன் முடிவு. முதுகில் பாய்ந்த குண்டுக்கு ஒத்த துளை கார் இருக்கையில் இல்லை என்பதை அது சுட்டியது. உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்து, சிறப்புக் கூட்டு விசாரணைக் குழுவை அமைக்கச் செய்தது. ஷரீபின் தாய் இராணுவ அதிகாரிகள் சிலரைப் பெயர் குறிப்பிட்டு முறையிட்டார். இராணுவம் குற்றச்சாட்டுகளை ஏற்கவில்லை.

மனைவியும் இதழாளருமான ஜவேரியா சித்திக் கென்ய இதழாளர் சங்கங்களுடன் சேர்ந்து கஜியாடோ உயர் நீதிமன்றத்தை நாடினார். 2024 ஜூலை 8 அன்று நீதிபதி ஸ்டெல்லா முட்டுக்கு, காவல்துறை சுட்டது சட்டவிரோதமானது, வாழும் உரிமையை மீறியது என்று தீர்ப்பளித்தார். 1 கோடி கென்ய ஷில்லிங் இழப்பீடு வழங்கவும், விசாரணையை முடித்துப் பொறுப்பானவர்கள்மீது நடவடிக்கை எடுக்கவும் ஆணையிட்டார். கணவரை இழந்த பெண்ணொருத்தி அயல்நாட்டு நீதிமன்றத்தில் காவல்துறையை எதிர்த்து வென்றது அரிய நிகழ்வு.

மதிப்பீடு

எல்லை தாண்டியதால் மட்டும் பாகிஸ்தானிய விமர்சகர்கள் பாதுகாப்புப் பெற்றுவிடவில்லை. நெதர்லாந்தில் வாழும் வலைப்பதிவர் அகமது வக்காஸ் கோராயாவைக் கொல்லச் சதி செய்ததாக 2022-இல் லண்டன் நீதிமன்றம் ஒருவரைத் தண்டித்தது. சுவீடனில் தஞ்சம் புகுந்த பலூச் இதழாசிரியர் சாஜித் ஹுசைன் 2020-இல் உப்சாலா அருகே ஆற்றில் பிணமாக மீட்கப்பட்டார். குற்றச் செயலுக்குச் சான்றில்லை என்று காவல்துறை கருதியபோதும் இதழாளர் அமைப்புகளின் ஐயம் தீரவில்லை. ஷரீபின் மரணம் இவ்வரிசையில் மிகப் பெரிய அதிர்வை உண்டாக்கியது. காரணம், அதிகாரத்தின் அருகிலேயே நெடுங்காலம் இருந்தவரையும் அந்த நெருக்கம் காக்கவில்லை என்பதே.

அவர் சொன்னவற்றுள் ஏற்கத்தக்கவை எவை, தள்ளத்தக்கவை எவை என்று வாதிடலாம். அந்த வாதத்துக்கு உரிய இடங்கள் செய்தித்தாளும் நீதிமன்றமுமே. இதழாளரின் உயிர்ப் பாதுகாப்பு அவர் எந்தப் பக்கம் சாய்கிறார் என்பதைப் பொறுத்ததாக இருக்குமானால், எந்தப் பக்கத்து இதழாளருக்கும் பாதுகாப்பு இல்லை. துப்பாக்கியை இயக்கிய கைகள் எவருடையவை என்பதைக் கென்ய நீதிமன்றம் நிறுவியது. அதற்குப் பின்னால் இருந்த கட்டளை எவருடையது என்பதையும் நீதி நிறுவியாக வேண்டும்.