எருமைச் சாலையும் ஊமைக் கல்லும்

ஜொகூர்த் தோட்டத்துக்காரர்களான நமக்குச் சிங்கப்பூர் என்றால் தேக்கா. தேக்கா என்றால் புடவை, நகை, மல்லிகைப் பூ, வாழையிலைச் சாப்பாடு. காலையில் பாலத்தைத் தாண்டுவோம், சாமான் வாங்குவோம், பொழுது சாய்வதற்குள் திரும்பி விடுவோம். நானும் பல வருஷம் அப்படித்தான் போய் வந்தேன். சென்ற பள்ளி விடுமுறையில் என் தமக்கையார் மகனை உடன் அழைத்துச் சென்றேன். நம் பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கிறவன். அவன் கடைகளைப் பார்க்காமல் தெருப் பலகைகளையே படித்துக்கொண்டு வந்தான்.

"மாமா, இதுவும் எருமை ரோடு, அடுத்ததும் எருமை ரோடா?" என்றான்.

பையன் சொன்னது சரிதான். ஒன்று ‘பஃபலோ’ சாலை, அடுத்தது ‘கெர்பாவ்’ சாலை. ஆங்கிலத்தில் ஓர் எருமை, மலாயில் ஓர் எருமை! அருகிலிருந்த வட்டாரத்துக்கே ‘காண்டாங் கெர்பாவ்’, அதாவது எருமைப் பட்டி என்றுதான் பெயர். ரோச்சோர் ஆற்றுத் தண்ணீரும் ஈர நிலத்துப் புல்லும் இருந்ததால் 19-ஆம் நூற்றாண்டில் மாட்டு வியாபாரம் இங்கே கொடிகட்டிப் பறந்தது. அந்தப் பட்டியின் பெயரைத் தாங்கிய மருத்துவமனையில் 1966-ஆம் ஆண்டு மட்டும் 39,835 குழந்தைகள் பிறந்தன. நாளுக்கு நூற்றுக்கு மேல்! உலகச் சாதனைப் புத்தகத்தில் அது ஏறியது.

‘தேக்கா’ தமிழ்ச் சொல் என்றே நான் நினைத்திருந்தேன். அதுவோ ஹொக்கியன் சீனச் சொல். மூங்கில் அடி என்று பொருள். 1982-ல் புதுச் சந்தை திறந்தபோது அதற்கு மாண்டரின் உச்சரிப்பில் ‘சூஜியாவ்’ என்று பெயர் வைத்தார்கள். சனங்கள் வாயில் அது நுழையவில்லை. தேக்கா என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2000-ஆம் ஆண்டு பலகையிலும் தேக்காவே திரும்பி வந்தது.

கெர்பாவ் சாலையில் வானவில்லைப் பிழிந்து பூசினாற்போல ஒரு சீன வீடு நிற்கிறது. 1900-ல் டான் டெங் நியா என்ற மிட்டாய் வியாபாரி கட்டியது. படம் பிடிக்கத்தான் அங்கே கூட்டம். ஆனால் அவர் அந்தச் சாலையில் ரப்பர் ஷீட்டுகளைப் புகையில் காய வைக்கும் கொட்டகையும் வைத்திருந்தார் என்று சொல்கிறார்கள். நம் தோட்டத்து வாசனை அங்கேயும் வீசியிருக்கிறது!

பெலிலியோஸ் சாலை, கல்கத்தாவிலிருந்து வந்த யூத மாட்டு வியாபாரியின் பெயர். டெஸ்கர் சாலை, கசாப்புத் தொழிலில் பணம் சேர்த்த ஒரு யுரேசியரின் பெயர். இதைச் சொன்னதும் பையன் நின்றுவிட்டான்.

"மாட்டை வித்தவர் பேர் இருக்கு, வெட்டினவர் பேர் இருக்கு. மேய்ச்சவர் பேர் எந்த ரோட்டுல மாமா?"

பதில் சொல்ல வரவில்லை. பஸ் ஏற்றிச் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்துக்கு அழைத்துப் போனேன். வெள்ளை வெளேரென்ற அந்தக் கோயிலை 1856 முதல் 1861 வரை கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள். 1825-ல் முதல் கூட்டம் வந்து இறங்கியது. 1873 வரை இந்த ஏற்பாடு நீடித்தது. ரோடு போட்டதும் சதுப்பு நிலத்தைத் தூர்த்ததும் அவர்கள்தான். சுவருக்குப் பூசியது மதராஸ் சுண்ணாம்பு. கிளிஞ்சல் சுண்ணாம்பில் முட்டை வெண்கருவும் நாட்டுச் சர்க்கரையும் சேர்த்துப் பிசைந்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் விட்டுக் குழைத்து, பூசிய பின் வழவழப்பான கல்லால் தேய்ப்பார்கள். பளிங்குபோல் மின்னுமாம். நம் பெரியவர்கள் ஊரில் பார்த்த கைவேலை, விலங்கு பூட்டிய கைகளோடு கடல் தாண்டி வந்திருக்கிறது.

கடைசியாக தேசிய அரும்பொருளகம். அங்கே உடைந்த கல் ஒன்று இருக்கிறது. சிங்கப்பூர் ஆற்று முகத்துவாரத்தில் ஆள் உயரத்துக்கும் மேலாக நின்ற பெரும் பாறையின் துண்டு அது. பாறை முழுவதும் சுமார் 50 வரிகளில் எழுத்து. 1843-ல் கட்டுமான வேலைக்கு இடம் வேண்டுமென்று வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள். சில துண்டுகளே தப்பின. எந்த மொழி, என்ன செய்தி என்று இன்றுவரை யாரும் உறுதியாகப் படித்துச் சொல்லவில்லை. மலாய் வரலாற்று நூலான செஜாரா மெலாயுவில் வரும் மாவீரன் படாங், கலிங்க தேசத்து மல்லனோடு பலப்பரீட்சை செய்து தூக்கி எறிந்த பாறை இதுதான் என்பாரும் உண்டு. கதை கிடக்கட்டும். வெடி வைப்பதற்கு முன் ஒருவராவது அத்தனை வரிகளையும் ஒரு தாளில் ஒழுங்காகப் படியெடுத்து வைத்திருக்கக் கூடாதா? எனக்கு இன்னும் ஆறவில்லை.

இரவு வீடு திரும்பியதும் பையன் தன் பாட்டியைப் பிடித்துக்கொண்டான். நம் தோட்டத்தில் ஆற்றோரம் இருக்கும் பால்காரர் மேட்டுக்கு ஏன் அந்தப் பெயர் என்று கேட்டான். அங்கே ஒருவர் மாடு வளர்த்து லயத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் பால் ஊற்றினார் என்றார் அம்மா. சம்பளம் வரும்வரை காசு கேட்க மாட்டாராம்.

பையன் நோட்டைத் திறந்து, "அவர் பேர் என்ன பாட்டி?" என்றான்.

அம்மா வெகு நேரம் யோசித்தார்.

"பால்காரர்னுதாம்பா எல்லாரும் கூப்பிடுவோம்."