டெல்டா ப்ளூஸ் கலைஞர்கள்: கிடைத்த புகழும் மறுக்கப்பட்ட பங்கும்

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றுக்கும் யாசூ ஆற்றுக்கும் இடைப்பட்ட வண்டல் நிலம் ‘டெல்டா’ எனப்படுகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்குள்ள பருத்திப் பண்ணைகளில் உழைத்த கறுப்பின மக்கள் உருவாக்கிய இசையே டெல்டா ப்ளூஸ். ராக் இசையின் அடித்தளங்களுள் அதுவும் ஒன்று. அதன் முன்னோடிகளை உலகம் இன்று கொண்டாடுகிறது. அவர்களுக்குரிய பங்கு அவர்களைச் சேர்ந்ததா என்ற கேள்வியோடுதான் நாம் அவர்களை நினைவுகூர வேண்டும்.

பண்ணையும் சிறையும்

1865இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. அதனிடத்தில் வாரச் சாகுபடி வந்தது. நிலமும் விதையும் பண்ணையாருடையவை. உணவுப் பொருள்களும் பண்ணைக் கடையிலேயே கடனுக்கு வாங்கப்பட்டன. விளைச்சலில் பாதியைப் பெற வேண்டிய குடும்பம், பண்ணையார் எழுதிய கணக்கின்படி ஆண்டு முடிவில் பெரும்பாலும் கடனாளியாகவே நின்றது. வாக்குரிமை பறிக்கப்பட்ட அம்மக்களால் அந்தக் கணக்கை எதிர்த்துக் கேட்க இயலவில்லை.

டாக்கரி பண்ணையில் வாழ்ந்த சார்லி பாட்டன் கரகரத்த குரலுக்கும், கிட்டாரின் உடலைத் தட்டி எழுப்பிய தாளத்துக்கும் பெயர் பெற்றவர். ஹவ்லின் வுல்ஃப் அவரிடம் கற்றவர். 1927ஆம் ஆண்டின் பெருவெள்ளத்தின்போது கிரீன்வில் நகரில் கறுப்பின மக்கள் கரையிலேயே நிறுத்தி வைக்கப்பட்டு, ஆயுதக் காவலில் வேலை வாங்கப்பட்டனர். அந்த வெள்ளத்தைப் பற்றிப் பாட்டன் 1929இல் இரண்டு பகுதிகளாகப் பாடிப் பதிவுசெய்த பாடலை ஒரு சாட்சியமாகவே நாம் கேட்கலாம்.

மாநிலச் சிறையான பார்ச்மன் பண்ணையிலும் கைதிகள் பருத்தி வயலில்தான் உழைத்தனர். அங்குத் தண்டனை அனுபவித்த புக்கா வைட், விடுதலையான பின் 1940இல் அச்சிறையைப் பற்றியே பாடிப் பதிவுசெய்தார்.

மெம்பிஸ் மின்னி

லிஸி டக்ளஸ் என்ற இயற்பெயர் கொண்ட மெம்பிஸ் மின்னி, ஆண்கள் ஆதிக்கம் செலுத்திய துறையில் கிட்டார் கலைஞராகவே தம்மை நிலைநிறுத்திக்கொண்டவர். மின்கிட்டாரை முதன்முதலில் கையாண்ட ப்ளூஸ் கலைஞர்களுள் ஒருவர். கன்சாஸ் ஜோ மெக்காயுடன் அவர் 1929இல் பதிவுசெய்த வெள்ளப் பாடலை லெட் செப்ளின் குழு 1971இல் உலகெங்கும் கொண்டு சென்றது. மின்னி 1973இல் வறுமையில் இறந்தார். அவருடைய கல்லறைக்கு 1996இல்தான் பெயர் பொறித்த கல் கிடைத்தது.

நீதிமன்றத்தில் ப்ளூஸ்

பல கலைஞர்கள் பாடலுக்கு ஒருமுறைத் தொகை மட்டுமே பெற்றனர். பதிப்புரிமை பிறர் கைக்குச் சென்றது. பண்ணையில் போலவே இங்கும் கணக்கெழுதியவர் வேறொருவர். சிகாகோவுக்குக் குடிபெயர்ந்த டெல்டா கலைஞர்களுள் முதன்மையானவர் மடி வாட்டர்ஸ். விக்ஸ்பர்கில் பிறந்து சிகாகோ சென்ற வில்லி டிக்சன் அவருக்குப் பாடல்கள் எழுதியவர். இருவரும் 1970களில் தம் பதிப்பு நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்து உடன்பாடு கண்டனர். தம் பாடலைப் பெயர் குறிப்பிடாமல் பயன்படுத்தியதாக லெட் செப்ளின்மீது டிக்சன் 1985இல் தொடுத்த வழக்கும் 1987இல் சமரசத்தில் முடிந்தது.

ராபர்ட் ஜான்சன் வழக்கு சட்ட மாணவர்கள் அறிய வேண்டிய ஒன்று. 29 பாடல்களை மட்டுமே பதிவுசெய்து, 1938இல் 27 வயதில் மறைந்தவர் அவர். 1990இல் வெளியான அவருடைய முழுத் தொகுப்பு பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது. மணஉறவுக்கு வெளியே பிறந்த கிளாட் ஜான்சன் என்ற லாரி ஓட்டுநர், தாமே அவருடைய மகன் என்று வழக்காடினார். பிறப்புச் சான்றுடன், அவருடைய தாயின் தோழி அளித்த நேரடிச் சாட்சியமும் வழக்கில் முக்கிய இடம்பெற்றது. 1998இல் அவரே வாரிசு எனத் தீர்ப்பானது. 2000இல் மிசிசிப்பி உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. ஆவணங்களில் இடம் மறுக்கப்பட்ட மக்களுக்கு வாய்மொழிச் சாட்சியம் எவ்வளவு இன்றியமையாதது என்பதை இவ்வழக்கு உணர்த்துகிறது.

ஆவணப்படுத்தியவர் யார்?

1941இல் ஸ்டோவால் பண்ணையில் மடி வாட்டர்ஸின் பாடல்களை முதன்முதலில் பதிவுசெய்தவர் என்று ஆலன் லோமாக்ஸ் புகழப்படுகிறார். அந்த ஆய்வில் அவருடன் பணியாற்றிய ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தின் கறுப்பின அறிஞர் ஜான் வொர்க்கின் பெயர் நெடுங்காலம் மறைந்தே கிடந்தது. தொலைந்துபோனதாகக் கருதப்பட்ட அவருடைய கையெழுத்துப் படி 2005இல்தான் நூலாயிற்று.

கறுப்பின மக்களின் நிலைக்கும் தீண்டப்படாத மக்களின் நிலைக்கும் உள்ள ஒப்புமையைச் சுட்டி அண்ணல் அம்பேத்கர் 1946இல் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். அந்த உறவின் வழிநின்று நாம் டெல்டாவைப் படிக்கிறோம். ஒரு கலைஞரைக் கொண்டாடும்போது, ஒப்பந்தத்தில் ஒப்பமிட்டது யார், வருவாய் யாரைச் சேர்ந்தது, ஆவணத்தில் யார் பெயர் உள்ளது என்ற மூன்று கேள்விகளையும் நாம் சேர்த்தே எழுப்ப வேண்டும்.