இன்னும் எழுதாத புத்தகத்தை அடகு வச்சு வீடு வாங்கின எழுத்தாளர்

1/ போன மாசம் ஒரு லென்ஸ் பார்க்கப் போனேன். பறவைகளை போட்டோ எடுக்கிறது என் பொழுதுபோக்கு. விலை 1,80,000 ரூபாய். கையில அவ்வளவு இல்ல. கடைத் தம்பி, "டாக்டர் சார், மாசம் 7,500 தான். 24 மாசம். வட்டியே கிடையாது" என்றார். பேனாவைக் கையில வாங்கிட்டேன். அப்போ ஒருத்தர் ஞாபகம் வந்தார். அவர் இறந்து 190 வருஷத்துக்கு மேல ஆச்சு.

2/ அவர் பேர் சர் வால்டர் ஸ்காட். ஸ்காட்லாந்துக்காரர். 'ஐவன்ஹோ' எழுதினவர். அவர் காலத்துல இங்கிலீஷ்ல அவரளவுக்கு விற்ற நாவலாசிரியர் கிடையாது. அப்படிப்பட்டவர் 54 வயசுல சுமார் 1,20,000 பவுண்டு கடனோட நின்னார். ஆசைப்பட்டதைக் கைக்காசுல வாங்குறதா, கடன்ல வாங்குறதா? இந்தக் கேள்விக்கு இவர் கதையை விடப் பெரிய பாடம் எனக்குத் தெரிஞ்சு இல்ல. நீளமான த்ரெட், பொறுமையா படிங்க.

3/ 1771 ஆகஸ்ட் 15, எடின்பரோவில் பிறந்தார். 18 மாசக் குழந்தையா இருக்கும்போது காய்ச்சல். அது விட்டதும் பார்த்தா வலது கால் அசையல. இன்னைக்கு அதைப் படிக்கிற எந்த டாக்டரும் போலியோன்னுதான் சொல்லுவார். காத்து மாறட்டும்னு தாத்தாவோட பண்ணைக்கு அனுப்பினாங்க. அங்க கேட்ட பழைய சண்டைக் கதைகளும் நாட்டுப் பாட்டுகளும்தான் பின்னாடி அவருக்குச் சோறு போட்டுச்சு. அவரோட பொழுதுபோக்கும் அங்கதான் முளைச்சது.

4/ என்ன பொழுதுபோக்கு? பழைய பொருள் சேகரிப்பு. வாள், துப்பாக்கி, கவசம், பழைய புத்தகம். ராப் ராய் என்ற புகழ்பெற்ற கலகக்காரரோட துப்பாக்கி இவர்கிட்ட இருந்துச்சு. எடின்பரோவில் பழைய சிறைச்சாலையை 1817ல இடிச்சப்போ, அதோட கதவைக் கொண்டுவந்து தன் வீட்டுச் சுவர்ல பதிச்சுக்கிட்டார். இதையெல்லாம் வைக்க இடம் வேணுமே? அதுக்காக ஒரு கோட்டை மாதிரி வீடு. வீட்டைச் சுத்தி காடு. இப்படித்தான் ஒரு ஆசை இன்னொரு ஆசைக்குக் குட்டி போடும்.

5/ ஸ்காட் ஏழை இல்ல. வக்கீல். 1799ல இருந்து ஒரு மாவட்டத்துக்கு ஷெரிஃப், சம்பளம் வருஷம் 300 பவுண்டு. நீதிமன்றத்துல கிளார்க் வேலை, அதுக்கு 1812 முதல் வருஷம் 1,300 பவுண்டு. அதாவது நம்மள மாதிரி அரசுச் சம்பளக்காரர். அதுக்கு மேல எழுத்து வருமானம். ஒரு கட்டத்துல நாவல்கள் மட்டுமே வருஷத்துக்கு 10,000 பவுண்டு கொடுத்ததா அவர் மருமகன் லாக்ஹார்ட் எழுதுறார். இவ்வளவு வருமானம் வந்தவருக்குக் கடன் எதுக்கு?

6/ 1811க்கு வாங்க. ட்வீட் ஆத்தங்கரையில ஒரு சின்னப் பண்ணை விலைக்கு வந்துச்சு. சுமார் 4,000 பவுண்டு. பாதிப் பணம் அண்ணன் ஜான்கிட்ட கடன். மீதி? 'ரோக்பி'ன்னு ஒரு நெடுங்கவிதை. அதைக் காட்டி அச்சகக்காரங்ககிட்ட முன்பணம். அந்தக் கவிதை அப்போ இன்னும் எழுதி முடியவே இல்ல! பண்ணைக்கு அபோட்ஸ்ஃபோர்ட்னு புதுப் பேர் வச்சார்.

7/ அந்த முதல் கடனை நான் தப்பு சொல்ல மாட்டேன். கவிதை வந்துச்சு, விற்றுச்சு, மனுஷனுக்கு ஒரு சொந்த இடம் கிடைச்சது. பிரச்சினையே அதுதான். முதல் தடவை கடன் வாங்கி எல்லாம் நல்லபடியா முடிஞ்சா, நம்ம மூளை அதை ஒரு வழக்கமாப் பதிவு பண்ணிக்கும். நூத்துச் சொச்சம் ஏக்கர்ல ஆரம்பிச்சது ஆயிரம் ஏக்கரைத் தாண்டுச்சு. 1822ல பழைய வீட்டை இடிச்சு, 1824ல புது மாளிகையை முடிச்சார். நூலகத்துல மட்டும் சுமார் 9,000 புத்தகம்.

8/ இப்போ கடன் எப்படி ஓடுச்சுன்னு பார்ப்போம். முக்கியமான இடம், கவனமா படிங்க. பதிப்பாளர் கான்ஸ்டபிள் காசாகக் கொடுக்க மாட்டார். "இத்தனை மாசம் கழிச்சுத் தர்றேன்"னு ஒரு சீட்டு. நம்ம செட்டியார் வணிகத்துல உண்டியல்னு சொன்னாங்களே, அந்தக் குடும்பம். தேதி தள்ளிப் போட்ட செக்னு வச்சுக்குங்க. அதை பேங்க்ல கொடுத்தா, கொஞ்சம் கழிச்சுக்கிட்டு இன்னைக்கே காசு தருவாங்க. தவணை நாள் வந்தா? புதுச் சீட்டு எழுதிப் பழசை அடைக்கணும். ஒரு கிரெடிட் கார்டு பில்லை இன்னொரு கார்டு வச்சுக் கட்டுற அதே வித்தை.

9/ 1820களின் தொடக்கத்துல இது எந்த அளவுக்குப் போச்சு தெரியுமா? நாலு நாவலுக்கு மொத்தமா முன்கூட்டியே சீட்டு வாங்கிட்டார். அந்த நாலுக்கும் கதை இல்ல. பேர் கூட வைக்கல. அந்தப் பணம் அதுக்குள்ள அபோட்ஸ்ஃபோர்ட்ல கல்லாகவும் மரக்கன்றாகவும் மாறிடுச்சு.

10/ இதுக்கு மேல ஒரு ரகசியம். நாவலை அச்சடிச்ச ஜேம்ஸ் பாலன்டைன் அவரோட பள்ளித் தோழன். அந்த அச்சகத்துல 1805ல இருந்து ஸ்காட் வெளியில தெரியாத பங்காளி. லிமிடெட் கம்பெனிங்கிற பாதுகாப்பு அப்போ கிடையாது. அச்சகம் முழுகினா பங்காளியோட கடைசிச் சட்டை வரைக்கும் போகும். 1813லயே ஒரு தடவை முழுகப் பார்த்துச்சு. ஒரு பிரபு 4,000 பவுண்டுக்கு ஜாமீன் நின்னு காப்பாத்தினார். உடம்பு கொடுக்கிற முதல் எச்சரிக்கை மாதிரி. நெஞ்சுவலி வந்து ஈசிஜி எடுத்து, "இந்தத் தடவை தப்பிச்சீங்க"ன்னு அனுப்புவோமே, அது. சிலர் மறுநாளே பீடியை விட்டுடுவாங்க. பலர் விட மாட்டாங்க.

11/ 1825. லண்டன்ல பங்குச் சூதாட்டம் தலைக்கு ஏறின வருஷம். தென் அமெரிக்கச் சுரங்கம், தென் அமெரிக்கக் கடன் பத்திரம்னு ஜனங்க காசைக் கொட்டினாங்க. அதுக்கு முன்னாடியே பொயாய்ஸ்னு இல்லாத ஒரு நாட்டோட பத்திரத்தைக் கூட வாங்கின கூட்டம் அது. டிசம்பர்ல எல்லாம் சரிஞ்சது. இங்கிலாந்துல வரிசையா பேங்க்குகள் மூடின. காசு கேட்டா யார்கிட்டயும் இல்ல.

12/ ஸ்காட் ஒரு சுரங்கப் பத்திரத்தால விழல. ஆனா கான்ஸ்டபிளோட லண்டன் ஏஜென்ட் கம்பெனி, பீர் காய்ச்சப் போடுற ஹாப்ஸ் பூவுல ஊக வணிகம் பண்ணியிருந்தாங்க. அவங்க விழுந்ததும் கான்ஸ்டபிள் விழுந்தார். கான்ஸ்டபிள் விழுந்ததும் பாலன்டைன். பாலன்டைன்னா ஸ்காட். அதுக்குச் சில வாரம் முன்னாடிதான் அபோட்ஸ்ஃபோர்ட் மேல 10,000 பவுண்டு அடமானக் கடன் வாங்கி, இவங்களைத் தூக்கி நிறுத்தப் பார்த்தார். அதுவும் போச்சு. 1826 ஜனவரியில எல்லாம் முடிஞ்சது.

13/ இதுல ஒரு நியாயம் சொல்லணும். அந்த 1,20,000ல எல்லாமே அவர் வாங்கின வாளும் கவசமும் இல்ல. பெரும் பகுதி அச்சகக் கணக்கு, மாத்தி மாத்திப் போட்ட கையெழுத்து. ஆனா வீட்டுக்குப் போன பணத்தை அச்சகத்துலயே விட்டிருந்தா, இல்ல வர்ற வேகத்துக்குத் தகுந்த மாதிரி வீட்டைக் கட்டியிருந்தா, அடி இவ்வளவு பலமா விழுந்திருக்காது. கைக்காசுல வாங்குறவன் தன் தப்புக்கு மட்டும் விலை கொடுப்பான். கடன்ல வாங்குறவன் முகமே தெரியாத எவனோ ஹாப்ஸ் பூ வாங்கினதுக்கும் சேர்த்துக் கொடுப்பான்.

14/ இனிமேதான் மனுஷன் யாருன்னு தெரியுது. திவால்னு அறிவிச்சிருந்தா சட்டப்படி வெளியே வந்திருக்கலாம். மகன் கல்யாணத்தப்போ சொத்தை மகன் பேருக்கு எழுதி வச்சதால, வீட்டை எடுக்கிறது கடன்காரங்களுக்கும் சுலபம் இல்ல. அவர் மாட்டேன்னுட்டார். "எழுதிக் கட்டுறேன்"னு அறக்கட்டளைப் பத்திரத்துல கையெழுத்து. எடின்பரோ வீட்டை வித்தார். பேர் சொல்லாத ஒருத்தர் 30,000 பவுண்டு தர்றேன்னார். வேண்டாம். மகள்களுக்கு யாழ் சொல்லிக் கொடுத்த வாத்தியார் தன் சேமிப்பு 500, 600 பவுண்டைத் தர முன்வந்தார். ஸ்காட் அதைத் தன் நாட்குறிப்புல நெகிழ்ந்து எழுதி வச்சார். அதுவும் வேண்டாம்.

15/ அந்த மே மாசம் மனைவி ஷார்லட் இறந்துட்டாங்க. எழுதுறதை நிறுத்தல. நெப்போலியன் வரலாறு, ஒன்பது தொகுதி, 1827ல வந்துச்சு. கிடைச்ச 18,000 பவுண்டும் கடன்காரங்களுக்கு. ரெண்டே வருஷத்துல கிட்டத்தட்ட 40,000 பவுண்டு அடைச்சார்.

16/ நமக்கு ஒரு சின்னத் தொடர்பு. அதே 1827ல 'தி சர்ஜன்ஸ் டாட்டர்'னு ஒரு கதை எழுதினார். நாயகன் ஒரு மருத்துவர். கதை மதராஸ் வழியா ஹைதர் அலி, திப்பு காலத்து மைசூருக்குப் போகுது. ஸ்காட் இந்தியாவைக் கண்ணால பார்த்ததில்ல. இந்தியாவுல இருந்துட்டு வந்த பக்கத்து வீட்டு நண்பர் ஒருத்தர் சொன்ன விவரங்களை வச்சு எழுதினது. கடன் துரத்தினா மனுஷன் மைசூர் வரைக்கும் ஓடுவான்.

17/ இன்னொரு கிளைக்கதை. இளவயசுல ஸ்காட் உயிரா நேசிச்ச பொண்ணு, வில்லியம் ஃபோர்ப்ஸ் என்ற பேங்க் குடும்பத்துக்காரரைக் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. 30 வருஷம் கழிச்சு, லண்டன்ல ஒரு கடன்காரர் மட்டும் "ஜெயிலுக்கு அனுப்புவேன்"னு நின்னப்போ, அந்தச் சுமார் 2,000 பவுண்டைச் சத்தமில்லாம கட்டினது யார் தெரியுமா? அதே ஃபோர்ப்ஸ். ஃபோர்ப்ஸ் இறந்த பிறகுதான் ஸ்காட்டுக்கு இது தெரிய வந்துச்சு.

18/ கடைசியில கடனை உண்மையிலேயே கரைச்சது எது? இதுதான் எனக்குப் பிடிச்ச இடம். அதுவரைக்கும் அவர் புது நாவல் ஒண்ணு 31 ஷில்லிங் 6 பென்ஸ். பணக்காரங்க விலை. 1829ல பதிப்பாளர் கடெல், எல்லா நாவலையும் மாசம் ஒரு தொகுதியா, 5 ஷில்லிங் விலைக்குக் கொண்டுவந்தார். மாசம் 35,000 பிரதி வரைக்கும் போச்சு. பெரிய பெரிய சீட்டுகள் கவிழ்த்த மனுஷனை, சாதாரண ஜனங்க கையில எண்ணிக் கொடுத்த சில்லறை தூக்கி நிறுத்துச்சு.

19/ ஆனா உடம்பு? 1830 பிப்ரவரியில முதல் பக்கவாதம். பேச்சு போய், திரும்ப வந்துச்சு. அன்னைக்குச் சிகிச்சை என்ன? ரத்தத்தை வடிக்கிறது, சாப்பாட்டைக் குறைக்கிறது. பிபி பார்க்கிற கருவியே அப்போ கிடையாது. கடனாலதான் ஸ்ட்ரோக் வந்துச்சுன்னு ஒரு டாக்டரா நான் எழுத மாட்டேன், அதுக்கு ஆதாரம் இல்ல. ஆனா ஸ்ட்ரோக் வந்த மனுஷனை ஓய்வு எடுக்க விடாம மேசையில உட்கார வச்சது கடன்தான். அதுல சந்தேகம் இல்ல.

20/ 1830 டிசம்பர்ல கடன்காரங்களே கூடி அவரோட நூலகத்தையும் சேகரிப்பையும் அவருக்கே பரிசாத் திருப்பிக் கொடுத்தாங்க. 1832 செப்டம்பர் 21, அபோட்ஸ்ஃபோர்ட்லயே உயிர் போச்சு. வயசு 61. மிச்சக் கடன்ல 22,000 பவுண்டை இன்ஷூரன்ஸ் பணம் அடைச்சது. கடைசிப் பாக்கி தீர்ந்தது 1847ல. அதே வருஷம்தான், யாருக்காக இத்தனையும் கட்டினாரோ அந்த மூத்த மகன், பெங்களூர்ல ராணுவ வேலை பார்த்துட்டுத் திரும்புற வழியில, கப்பல்லயே இறந்தார். வாரிசு இல்ல.

21/ ஒரு வேடிக்கையும் உண்டு. தான் முழுகின அதே 1826ல, ஸ்காட்லாந்து பேங்க்குகளோட ஒரு பவுண்டு நோட்டை அரசாங்கம் ஒழிக்கப் பார்த்தப்போ, அதை எதிர்த்துக் காரசாரமா எழுதினார். நோட்டு தப்பிச்சது. அதுக்கு நன்றியா, இன்னைக்கும் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து நோட்டுல அவர் முகம்தான்!

22/ சரி, பாடம் என்ன? "கடனே வாங்காதே"ன்னு சொல்லல. பொழுதுபோக்கை விடுன்னும் சொல்லல. ஓபியில பார்க்கிறேன், ஆசைன்னு ஒண்ணு இருக்கிறவங்க சீக்கிரம் உடைய மாட்டாங்க. கையெழுத்துக்கு முன்னாடி மூணு கேள்வி மட்டும் கேளுங்க. ஒண்ணு: இது நான் செஞ்சு முடிச்ச வேலையோட காசா, இனிமே செய்யப் போற வேலையோட காசா? ரெண்டு: நான் ஆறு மாசம் படுத்துட்டா இதை யார் கட்டுவா? மூணு: யாரோ ஒருத்தன் விழுந்தா நானும் விழுற மாதிரி எங்கேயாவது ஜாமீன் போட்டிருக்கேனா?

23/ எனக்கு மூணாவது கேள்வியில இடிச்சது. சொந்தக்காரர் ஒருத்தர் கடனுக்கு நான் ஜாமீன். வீட்டுல கூட முழுசாச் சொல்லல. பேனாவைத் திருப்பிக் கொடுத்துட்டேன். தம்பிக்கு முகம் சுருங்கிப் போச்சு, பாவம். மறுநாள் மாசம் 7,500க்கு ஒரு ஆர்டி போட்டேன். அன்னைக்கு ராத்திரி வீட்டுல ஜாமீன் விஷயத்தையும் சொல்லிட்டேன், நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன். லென்ஸ் ரெண்டு வருஷம் கழிச்சு வரும். அதுவரைக்கும் இருக்கிற பழைய லென்ஸ்க்குள்ள வர்ற அளவுக்குக் கிட்டப் போய், மீன்கொத்தியை எடுத்துக்கிட்டு இருக்கேன்.

உங்க வீட்டுல யாருக்காவது இது உதவும்னா அனுப்புங்க.