போடிமெட்டு ஏறி இறங்கினா தெரிஞ்சிடும்... உங்க டூரிங் பைக் எத்தனை வருஷம் தாங்கும்?

போடியிலிருந்து கிளம்பி முந்தல் தாண்டினால், மேலே 17 கொண்டை ஊசி வளைவுகள். கொச்சி - தனுஷ்கோடி நெடுஞ்சாலையின் இந்தத் துண்டில், அடிவாரத்து வெயிலில் ஆரம்பித்து ஒரு மணி நேரத்துக்குள் ஜெர்கின் தேடும் குளிருக்குப் போய்விடலாம். சனி, ஞாயிறு என்றால் மூணாறு பக்கம் போகிற டூரிங் பைக்குகள் வரிசை கட்டும். கூடவே, ஏலத்தோட்டங்களுக்கு வேலையாட்களை ஏற்றிப் போகும் ஜீப்புகளும்.

அந்த ஜீப்புகளைக் கொஞ்சம் கவனியுங்கள். பல வண்டிகள் வயசானவை, பளபளப்பு கிடையாது. ஆனாலும் தினமும் ஏறி இறங்குகின்றன. உதிரி பாகம் கிடைக்கும், கைவைக்கத் தெரிந்த மெக்கானிக் பக்கத்திலேயே இருப்பார், அவ்வளவுதான் விஷயம். ஆன்ரோடு மூன்று லட்சத்தைத் தொடும் டூரிங் பைக்குக்கும் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். நாம்தான் பவர் எவ்வளவு, டிஸ்ப்ளேவில் மேப் வருதா என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

நம்ம ஊர் உதாரணமே இருக்கு. சென்னை பக்கம் தயாராகும் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411, 2016-ல் வந்தது. 24.5 பி.எஸ் பவர், காகிதத்தில் பெரிய எண் இல்லை. முதல் வருடத்து வண்டிகள் பற்றி நிறைய புகார்கள் எழுந்தன. அப்புறம் படிப்படியாக மாறியது. 2017-ல் ஃபியூல் இன்ஜெக்‌ஷன், 2018-ல் ஏ.பி.எஸ், 2020-ல் பி.எஸ் 6. 2023-ல் உற்பத்தி நிற்கும்போது, ஆரம்பத்தில் திட்டியவர்களில் சிலரே செகண்ட் ஹேண்டில் தேடும் வண்டியாகிவிட்டது. அதே பெயர்தான், ஆனால் 2016 வண்டியும் 2021 வண்டியும் வேறு வேறு. அதனால் மாடல் பெயரைக் கேட்காதீர்கள், தயாரித்த மாதத்தையும் வருடத்தையும் கேளுங்கள். 2023 நவம்பரில் வந்த ஹிமாலயன் 450, லிக்விட் கூலிங், 452 சிசி, 40 பி.எஸ் என முற்றிலும் புது இன்ஜின். பழைய 411-ன் நல்ல பெயரை இதன் கணக்கில் எழுத முடியாது. இது தன் பெயரைத் தானேதான் சம்பாதிக்க வேண்டும்.

ஊரும் முக்கியம். 2020-ல் பிரிட்டன், ஐரோப்பா, தென் கொரியாவில் ஹிமாலயன் உட்பட சுமார் 15,200 ராயல் என்ஃபீல்டு வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. பனிக்காலத்தில் ரோட்டில் கொட்டும் உப்பு, பிரேக் காலிப்பரை அரித்தது காரணம். போடிக்காரருக்கு அந்த உப்புப் பிரச்னை கிடையாது. நமக்கு மழை, மூடுபனி, ஏற்றம், இறக்கம்.

அதனால் செகண்ட் ஹேண்ட் வண்டி என்றால், ஓனர் சம்மதித்தால், பின்னால் ஒருவரை உட்கார வைத்து மெட்டு வரை ஏறிப் பாருங்கள். இரண்டாவது, மூன்றாவது கியரில் ஏறும்போது ஆர்.பி.எம் மட்டும் எகிறி, வேகம் கூடவில்லை என்றால் கிளட்ச் பிளேட் தேய்ந்திருக்கிறது. மேலே நிறுத்தி, ரேடியேட்டர் ஃபேன் ஓடுகிறதா, ஹெட் பக்கம் ஆயில் கசிகிறதா என்று பாருங்கள். இறங்கும்போதுதான் உண்மையான பரீட்சை. இன்ஜின் பிரேக்கிங்கில் இறங்கியும் லீவர் ஸ்பாஞ்ச் மாதிரி அமுங்கினால், பிரேக் ஃப்ளூயிட் ஈரம் இழுத்துக் கெட்டுப்போயிருக்கலாம். அதை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், யாரும் மாற்றுவதில்லை. கீழே வந்ததும் சென்டர் ஸ்டாண்டில் போட்டு, முன் வீலைத் தூக்கி, ஹேண்டிலை மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் 'டக்'கென்று சிக்கினால் கோன் செட் போச்சு. ஃபோர்க் குழாயில் ஆயில் கறை இருந்தால் சீல் போச்சு. இதெல்லாம் தேய்மானம், செலவு செய்தால் சரியாகும், விலையில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் இன்ஜின் ஆயில் குறைந்துகொண்டே போவது, ஃபிரேமில் வெல்டிங் தெரிவது இரண்டும் இருந்தால் பேரமே பேசாதீர்கள்.

ஓடோமீட்டரை மட்டும் நம்ப வேண்டாம். சர்வீஸ் பில்களில் தேதியும் கிலோமீட்டரும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். மூன்று வருடத்தில் 40,000 ஓடி, பில் எல்லாம் இருக்கும் வண்டி, ஐந்து வருடத்தில் 8,000 மட்டும் ஓடி ஷெட்டில் தூங்கிய வண்டியைவிட மேல் என்பது என் கட்சி. ரீகால் இருந்ததா என்பதையும் சேசிஸ் நம்பர் கொடுத்து ஷோரூமில் கேளுங்கள். 2021 ஏப்ரல் முதல், ஏழு வருடத்துக்கு உட்பட்ட வண்டிகளில் பாதுகாப்புக் குறைபாடு இருந்தால், வாகன் போர்ட்டலில் உரிமையாளரே புகார் பதிய வழி இருக்கிறது.

இனி தூரம். பி.எம்.டபிள்யூ ஜி 310 ஜி.எஸ், ஓசூரில் டி.வி.எஸ் ஆலையில் தயாரான வண்டி. ஆனால் தெருமுனை டி.வி.எஸ் ஷோரூமில் சர்வீஸ் கிடையாது, பி.எம்.டபிள்யூவின் சொந்த டீலரிடம்தான் போக வேண்டும். போடியில் இருப்பவர் அட்வான்ஸ் கட்டும் முன், தேனியிலோ மதுரையிலோ உள்ள சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டு, கிளட்ச் கேபிள், பிரேக் லீவர், பேட், செயின் ஸ்ப்ராக்கெட் நான்கும் இன்றைக்கு ஸ்டாக்கில் இருக்கா, என்ன விலை என்று கேட்கட்டும். 'ஆர்டர் போட்டா வந்துடும் சார்' என்று பதில் வந்தால், எத்தனை நாளில் என்று அடுத்த கேள்வியையும் கேட்டுவிடுங்கள்.