ஓர் எந்திரம், இரு உயரங்கள்: விகாஸ் வரலாற்றின் ஒரு பக்கம்

மலையேறும் பெட்ரோல் எந்திரம் காற்றின் மெலிவால் வலுவிழக்கிறது. எனவே உயர்ந்த நிலங்களில் இயங்கும் எந்திரத்துக்கு அமுக்க விகிதத்தைக் கூட்டலாம். அதே எந்திரம் கடற்கரைக்கு இறங்கினால், ஆக்டேன் குறைந்த எரிபொருள் காலத்துக்கு முன்னரே வெடித்து எந்திரத்தைச் சிதைக்கும். அமுக்கம், எரிபொருள், உயரம் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும் என்பதே இதன் சாரம். திருவனந்தபுரத்தின் ராக்கெட் பொறியியல் இதே சிக்கலை வேறொரு வடிவில் எதிர்கொண்டது.

ராக்கெட் தனக்கு வேண்டிய ஆக்சிகரணியைத் தானே சுமந்து செல்வதால், மெல்லிய காற்று அதற்குத் தடையன்று; உயரம் கூடக்கூட உந்துவிசை கூடும். ஆனால் நாசில் எனப்படும் கூம்புக்குழலின் விரிவு ஓர் உயரத்துக்கே முழுமையாகப் பொருந்தும். விண்வெளிக்கென அகன்று விரிந்த குழலைக் கடல் மட்டத்தில் இயக்கினால், வெளிக்காற்றின் அழுத்தத்தால் வாயுவோட்டம் குழற்சுவரைவிட்டுப் பிரிந்து கடும் அதிர்வை உண்டாக்கும்.

1974இல் இஸ்ரோவும் பிரான்சின் எஸ்.இ.பி. நிறுவனமும் செய்துகொண்ட ஒப்பந்தம் வைகிங் எந்திரத் தொழில்நுட்பத்தை இந்தியாவுக்குத் தந்தது. விலையாகக் கொடுக்கப்பட்டவற்றுள் முதன்மையானது பணமன்று. இந்தியப் பொறியாளர்களின் நூறு ஆளாண்டு உழைப்பு. நம்பி நாராயணன் தலைமையிலான குழு வெர்னோனில் பணியாற்றித் திரும்பியது. அந்த எந்திரத்தின் இந்திய வடிவமே விகாஸ்.

இதனிடையே, 1980 மே மாதம் ஏரியன் ராக்கெட்டின் இரண்டாம் ஏவுதல் தோல்வியுற்றது. முதற்கட்டத்தின் நான்கு வைகிங் எந்திரங்களுள் ஒன்றில் எரிதல் நிலைகுலைந்ததே காரணம். பெட்ரோல் எந்திரத்தின் 'நாக்கிங்' போன்றதே இதுவும் எனல் முற்றிலும் சரியாகாது. ஆயினும் எரியறையின் அழுத்தமும் எரிபொருளின் இயல்பும் இணங்காவிடில் எந்திரம் அழியும் என்னும் பாடம் ஒன்றே. தூய யூ.டி.எம்.ஹெச். எரிபொருளுக்கு மாற்றாக, அதன் 75 விழுக்காட்டுடன் 25 விழுக்காடு ஹைட்ரசீன் ஹைட்ரேட் சேர்ந்த யூ.ஹெச்.-25 கலவை பிற்கால வைகிங் வடிவங்களில் இடம்பெற்றது. விகாஸும் பின்னர் அக்கலவைக்கு மாறியது.

உயரத்தின் சிக்கல் ஜி.எஸ்.எல்.வி.யில் வெளிப்படையாகத் தெரிகிறது. 2001 ஏப்ரல் 18 அன்று முதன்முறை ஏவப்பட்ட இந்த ராக்கெட்டில் நான்கு விகாஸ் எந்திரங்கள் தரையிலேயே எரியத் தொடங்கின. ஐந்தாவது, வளிமண்டலத்தின் பெரும்பகுதியைக் கடந்த பின்னரே உயிர்பெற்றது. அடிப்படை எந்திரம் ஒன்றே. உயரத்தில் இயங்குவதற்கு மட்டும் கூடுதலாக விரிந்த குழல்.

இச்சிக்கல் இன்றும் முடிந்துவிடவில்லை. வலியமலையின் திரவ இயக்க அமைப்புகள் மையம் உருவாக்கிய சி.இ.-20 கிரையோஜெனிக் எந்திரத்தின் குழல் விரிவு விகிதம் 100. குழல்வாயில் வாயுவின் அழுத்தம் ஏறத்தாழ 50 மில்லிபார். கடல்மட்டக் காற்றின் அழுத்தமோ 1013 மில்லிபார். ஆகவே இதனை உயர்நிலைச் சூழலைச் செயற்கையாக அமைக்கும் கூடத்தில் சோதிக்க வேண்டியிருந்தது. 2024 நவம்பர் 29 அன்று மகேந்திரகிரியில், குழலுக்குத் தனிப் பாதுகாப்பு அமைப்பு பொருத்தி, கடல்மட்ட அழுத்தத்திலேயே இதனை இயக்கிக் காட்டினர்.

தொழில்நுட்பப் பரிமாற்றத்தை வரைபடங்கள் கைமாறும் நிகழ்வாகவே எழுதும் வழக்கம் நம்மிடையே உண்டு. விகாஸின் வரலாறு அதை மறுக்கிறது. வரைபடம் ஓர் எந்திரத்தைத் தரும். அதை எந்த உயரத்தில், எந்த எரிபொருளில், எந்த அழுத்தத்தில் இயக்குவது என்னும் அறிவு உழைத்தவர்களின் கைகளிலேயே தங்குகிறது. வெர்னோனுக்குச் சென்ற நூறு ஆளாண்டுகள் விலை மட்டுமல்ல. பெற்ற கல்வியும் அவையே.